நாகஜோதி மாட்டிய பின் பிளேட்

வெள்ளிக்கிழமை காலை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றபோதே நாகஜோதி பைக்குள் இருந்த பிளேட் உறையை மூன்று தடவை எடுத்துப் படித்துவிட்டாள். தோள் பையில் பேட்டரி டிரில், சுத்தியல், அளவு டேப், ஒரு காருக்கான இரண்டு நம்பர் பிளேட்டுகள். உறைமேல் ஒட்டியிருந்த பெயர் உக்கிரபாண்டி, ஊர் எம்.ரெட்டியபட்டி, வண்டி அம்பாசிடர். இந்தத் தாலுகாவில் எத்தனை வீடு இருக்கிறது, எத்தனை வண்டி இருக்கிறது! இன்றைக்குப் பார்த்து அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டுமென்று அவள் தலையில் எழுதியிருந்தது.

அவள் வேலை, வீடு வீடாகப் போய் அரசாங்க முத்திரையுள்ள நம்பர் பிளேட்டை மாட்டிக் கொடுப்பது. மாட்டியதும் போட்டோ எடுத்து, போனில் கம்பெனி கொடுத்த ஐடியைத் திறந்து அதில் ஏற்ற வேண்டும். அந்த ஐடி இருக்கிறவரைக்கும்தான் வேலை. ஏற்கெனவே அவள் பேரில் இரண்டு புகார் இருந்தது. நரிக்குடியில் ஒரு பைக்கின் மட்கார்டு விரிசல் விட்டுவிட்டது, அது அவள் தப்பு. திருச்சுழியில் ஒருத்தர் பிளேட்டை மாட்டாமல் கையில் கொடுத்துவிடச் சொன்னார், முடியாது என்றாள், அது அவர் தப்பு. கம்பெனிக்கு இரண்டும் ஒரே கணக்கு. "அக்கா, மூணாவது வந்துச்சுன்னா ஐடிய மூடிருவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல" என்று சூப்பர்வைசர் கோகுல் சொல்லியிருந்தான். அவளைவிட எட்டு வயது சின்னவன், நல்ல பையன். ஆனால் நல்ல பையன்கள் கையில் எந்தக் காலத்தில் எது இருந்திருக்கிறது?

நாகஜோதிக்கு முப்பத்து மூன்று வயது. எம்.ரெட்டியபட்டியில் பிறந்தவள். அம்மா சந்தனம்மாள் உக்கிரபாண்டியின் கரிசல் காட்டில் களையெடுத்தும் பருத்தி எடுத்தும் அவளை வளர்த்தாள். பத்தாவது முடித்ததும் மில்லில் சேர்ந்தாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் டாக்டர் மில்லை விடச் சொன்னார். பிறகு ஒரு பைக் ஷோரூமில் கூட்டிப் பெருக்கப் போனாள். அங்கே பிளேட் மாட்டுகிறவன் வராத ஒரு நாள், விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு ஏழு வண்டிக்கு அவளே மாட்டினாள். ஒன்றுகூடக் கோணலில்லை. அப்படிக் கிடைத்த வேலை இது. புருஷன் மாரிசெல்வம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், மாதம் ஒருமுறை வருவான். அருப்புக்கோட்டை வீட்டில் அம்மாவும் எட்டாவது படிக்கும் மகளும். பிளேட் மாட்டும் பொம்பளை என்று தெருவில் அவளுக்கு ஒரு பேர் இருந்தது, அந்தப் பேர் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அந்த வீட்டுக்கு அவள் கடைசியாகப் போனது பன்னிரண்டு வயதில். சனிக்கிழமை கூலிக்கு அம்மாவோடு போய் வேப்பமரத்தடியில் நிற்பாள். "அங்க வந்து வாயத் தொறக்கக் கூடாது. எதையும் கேக்கக் கூடாது. அவுகளாக் கூப்புடுவாக" என்பாள் அம்மா. அவர்களாகக் கூப்பிடுகிறவரைக்கும் வெயில் ஏறிக்கொண்டே இருக்கும். இப்போது கம்பெனி சட்டை போட்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போகிறாள். 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று ஷேர் ஆட்டோவில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வாசலில் விஜயபாண்டி நின்றிருந்தார். உக்கிரபாண்டியின் மகன், நாற்பது வயதுக்காரர். நாகஜோதியின் வாய் தன்னால், "வாரேன் சின்னய்யா" என்றது. 'சார்' வழியிலேயே ஆட்டோவை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

"மணி பத்தாகப் போகுது, இப்பத்தான் வாரியா? பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள மாட்டிரணும்னு அய்யா சொல்லியிருக்காக" என்றார் விஜயபாண்டி.

கார் செட்டில் நின்றது. நாகஜோதி அப்படி ஒரு அம்பாசிடரைப் பார்த்ததில்லை. உக்கிரபாண்டி வாலிபத்தில் வாங்கிய வண்டி, ஆர்.சி. இன்னும் அவர் பேரில்தான். மகன் இரண்டு வருஷமாக அதை வெளியூர்ப் பட்டறை ஒன்றில் போட்டு உருமாற்றியிருந்தார். பம்பரைக் காணோம். வண்டி தரையோடு தரையாகத் தாழ்ந்திருந்தது. பின்னால் பழைய பிளேட் உட்காரும் பள்ளம், விளக்கு, திருகு, ஓட்டை எல்லாவற்றையும் தகரம் வைத்து அடைத்து, நாவல்பழ நிறத்தில் பெயிண்ட் அடித்து வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். அவ்வளவு அழகான முதுகில் நம்பர் எங்கே மாட்டுவது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கல்யாணத்துக்கு எல்லாம் வாங்கிவிட்டுத் தாலியை மறந்த கதைதான்.

மறக்க முடியாதபடி கல்யாணமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விஜயபாண்டியின் அக்கா மகளுக்குக் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் இந்தக் காரில்தான் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. பிளேட் இல்லாமல் ரோட்டில் இறக்கினால் போலீஸ் பிடிக்கும்.

முன் பிளேட்டை ஐந்து நிமிஷத்தில் மாட்டினாள். காரின் பின்பக்கம் அவள் வந்ததும் விஜயபாண்டி, "இடது ஓரமா, கீழ, கண்ணுக்குத் தெரியாம வச்சுரு" என்றார்.

"நடுவுலதான் வைக்கணும் சின்னய்யா. போட்டோவுல ஓரமாத் தெரிஞ்சா ஆபீஸ்ல ஏத்துக்கிட மாட்டாக."

அவர் முகம் சுளித்தார், ஆனால் நடுவிலேயே வைக்கச் சொன்னார். டிக்கி மூடிக்குக் கீழே இருந்த தகரத்தில் காகித டேப்பை ஒட்டி, நடுக்கோடு போட்டு, இரண்டு புள்ளி வைத்தாள். இரண்டு பூட்டு. அதைப் பூட்டு என்பார்கள், ஆனால் சாவி கிடையாது. ஒருமுறை அடித்து இறக்கினால் இறக்கினதுதான். கழற்ற வேண்டுமென்றால் பிளேட்டையே கிழிக்க வேண்டும்.

வேறு எந்த வீடாக இருந்தாலும் டிரில்லை எடுக்குமுன் அவள் வாயில் வருகிற முதல் வார்த்தை, "டிக்கியத் திறங்க, உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்" என்பதுதான். தகரத்துக்குப் பின்னால் ஒயர் ஓடலாம், வேறு எதுவும் இருக்கலாம். டிக்கி பூட்டியிருந்தது. சாவி விஜயபாண்டியின் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. கேட்க வேண்டும் என்று நினைத்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேட்டால் என்ன சொல்வார்? உள்ளே என்னத்தைப் பார்க்கப் போகிறாய் என்பாரா? அந்த வீட்டில் எதையும் திறந்து காட்டச் சொல்லி அவள் வம்சத்தில் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்கவில்லை.

முதல் துளை சுத்தமாக விழுந்தது. பெயிண்ட் ஒரு மயிரிழைகூடப் பெயரவில்லை. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வீட்டுக்குள்ளே மணிச் சத்தம் கேட்டது. பிளேட்டுக்குச் சூடம் காட்டத் தட்டு தயாராகிறது என்று தெரிந்துகொண்டாள். இரண்டாவது புள்ளியில் டிரில்லை வைத்து அழுத்தினாள். தகரம் விட்டது. விட்ட வேகத்தில் டிரில்லின் நுனியிலிருந்த பிட் இன்னொரு தகரத்தில் இடித்து, அதையும் பொத்தென்று தாண்டியது.

விசையை உடனே விட்டுவிட்டாள். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு பிட்டின் ஓரமாக ஒரு சொட்டு கசிந்து, நாவல்பழப் பெயிண்டில் கோடாக இறங்கியது. பெட்ரோல் வாசனை.

ஒன்று மட்டும் புத்தியில் பட்டது: பிட்டை உருவக் கூடாது. அது இருக்கிறவரைக்கும் அதுவே அடைப்பு, உருவினால் கொட்டும். டிரில்லைப் பிடித்தபடி அப்படியே குத்தவைத்திருந்தாள். கசிவு மணிக்கட்டில் ஓடி முழங்கையில் சொட்டியது.

அப்போதுதான் உக்கிரபாண்டி நடையிறங்கி வந்தார். எழுபத்தெட்டு வயது, வெள்ளை வேட்டி, கையில் பித்தளைத் தட்டு. தட்டில் எலுமிச்சம்பழம், குங்குமம், நடுவில் எரிகிற சூடம். மருமகள் தங்கலட்சுமி தேங்காயோடு பின்னால் வந்தாள். நேரம் தவறக் கூடாது என்று பெரியவர் எட்டி நடந்தார். செட்டுக்கு இருபது அடி இருந்தது, பிறகு பதினைந்து.

"அய்யா..." என்றாள் நாகஜோதி. அது பெரியவர் காதுக்கு எட்டவில்லை. பத்து அடி.

"ஏலே! நில்லுலே அங்க! சூடத்த அணை! அணைலே!"

அந்தச் சத்தம் தன்னுடையது என்று அவளுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. உக்கிரபாண்டியை ஏலே என்று சொல்ல அந்த ஊரில் அவர் வயதுக்காரர்கள்கூட மிச்சமில்லை. விஜயபாண்டி வாய் பிளந்து நின்றார். பெரியவர் அவளைப் பார்த்தார், அவள் கையில் வழிகிறதைப் பார்த்தார், மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். சாமிக்கு ஏற்றிய சூடத்தை அணைப்பது என்ன லேசான காரியமா? அவர் உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்து அழுத்தினார். புகை விரலிடுக்கில் வந்தது. தட்டோடு திரும்பி, வந்த வழியே நடந்து, தெருவாசலில்தான் நின்றார்.

பிறகுதான் டிக்கி திறந்தது. வண்டியைத் தாழ்த்துவதற்காக, இருந்த டாங்க்கை எடுத்துவிட்டு, டிக்கிக்குள்ளே பின் தகரத்தை ஒட்டி ஒரு தகர டாங்க்கை நிறுத்தியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டியபோது பழைய டாங்க்தான் இருந்தது, இது அதற்கப்புறம் நடந்த கைவேலை என்று விஜயபாண்டியின் முகமே சொன்னது.

"பேட்டரி ஒயரக் கழட்டுங்க. கேன் கொண்டாங்க. துணி சோப்பு ஒண்ணு கொண்டாங்க" என்று நாகஜோதி சொல்லச் சொல்ல அவர் ஓடினார். டிரில்லின் வாயைக் கையாலேயே தளர்த்தி, பிட்டை ஓட்டையிலேயே விட்டுவிட்டு டிரில்லை மட்டும் உருவித் தூர வைத்தாள். பெட்ரோலைக் குழாய் போட்டுக் கேனில் இறக்கினார்கள். பிறகு பிட்டை உருவி, டாங்க்கின் பட்டையைத் தளர்த்தி இரண்டு விரற்கடை முன்னால் தள்ளி, ஓட்டையில் சோப்பைத் தேய்த்து அடைத்தாள். அதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. பன்னிரண்டு மணிவரைக்கும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். தங்கலட்சுமி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பன்னிரண்டு ஐந்துக்குப் பூட்டை அடித்து இறக்கினாள். பிளேட் நூல் பிடித்தாற்போல நின்றது. போட்டோ எடுத்து ஏற்றினாள்.

"சின்னய்யா, டிக்கியத் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கணும். கேக்கல. என் தப்புதான். ஆனா சோப்பு தாங்காது. டாங்க்கக் கழட்டி ஓட்டையப் பத்தவச்சு அடைச்சுட்டுத்தான் பெட்ரோல் ஊத்தணும்."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ கெளம்பு" என்றார் விஜயபாண்டி.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கோகுல் போன் செய்தான். "அக்கா, என்னக்கா இது? வாடிக்கையாளர மரியாதை இல்லாமப் பேசினீங்கன்னு அவரு மகன் கம்ப்ளைண்ட் கொடுத்திருக்காரு."

"டாங்க்ல ஓட்ட போட்டுட்டேன் தம்பி. அத எழுதலையா?"

"டாங்க்கா? அதப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே."

எப்படி எழுதுவார்? எழுதினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டாத டாங்க் வெளியே வரும். அடுப்பங்கரையில் நின்றபடி எல்லாவற்றையும் கோகுலிடம் சொன்னாள். அவன் பேசிப் பார்க்கிறேன் என்று வைத்தான். அரைமணி கழித்து விஜயபாண்டியே கூப்பிட்டார். குரல் வழவழவென்று இருந்தது, அவர் காரைப் போல.

"இந்தா பாரு நாகஜோதி, ஒனக்கும் தொந்தரவு வேண்டாம், எனக்கும் வேண்டாம். மன்னிப்பு கேட்டு ரெண்டு வரி அனுப்பு. நான் கம்ப்ளைண்ட வாபஸ் வாங்கிருதேன். டாங்க் பேச்ச மட்டும் யார்ட்டயும் எடுக்கக் கூடாது."

"டாங்க்கக் கழட்டியாச்சா சின்னய்யா?"

"இனி எங்க கழட்ட? பட்டறைக்காரன் செவ்வாக்கெழமதான் வாரானாம். சோப்பு ரெண்டு நாளைக்குத் தாங்கும். ஊர்வலம் என்ன, அரைமைல் தூரந்தான்."

மன்னிப்பு கேட்பதில் நாகஜோதிக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வாய் வலிக்கவா போகிறது, நூறு தடவை கேட்பாள். 'சரி சின்னய்யா' என்பது நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் ஐடி தப்பித்தது, மகள் படிப்பு தப்பித்தது. ஆனால் எம்.ரெட்டியபட்டிக் கல்யாண ஊர்வலம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியாதா? முன்னால் கொட்டு, பின்னால் வெடி. காரின் முதுகுக்குப் பக்கத்திலேயே சரவெடியைப் போட்டுக்கொண்டு பையன்கள் ஆடி வருவார்கள். மேடுபள்ளத்தில் குலுங்கினால் சோப்பு எத்தனை நேரம் நிற்கும்? ஓட்டை அவள் போட்டது. உள்ளே உட்காரப் போகிற பெண்ணுக்கு இருபத்து இரண்டு வயது.

"பாக்குறேன்" என்று சொல்லி வைத்தாள். இரவுச் சோறு இறங்கவில்லை. சந்தனம்மாள் இரண்டு தடவை என்னவென்று கேட்டாள், சொல்லவில்லை. பிளேட் உறைமேல் பெரியவரின் போன் நம்பர் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடுத்தாள், வைத்தாள். கடைசியில் வாசலுக்கு வந்து அழுத்தினாள்.

"பெரியய்யா, நான் நாகஜோதி. காலைல பிளேட் மாட்ட வந்தவ. சந்தனம்மா மக."

"சொல்லு."

"மரியாத இல்லாமக் கத்திட்டேன். மன்னிச்சுக்கிடுங்க."

"இதுக்கா கூப்புட்ட?" என்றார்.

"இல்லைய்யா. ஞாயித்துக்கெழம அந்தக் கார எடுக்காதீக. டாங்க்ல இன்னும் சோப்புதான் இருக்கு. ஊர்வலத்துல வெடி போடுவாக."

"பத்தவச்சாச்சுன்னு விஜயன் சொன்னானே."

"பத்தவைக்கலய்யா. நீங்களே டிக்கியத் திறந்து பாருங்க. கறுப்பு டாங்க்ல வெள்ளையாத் தெரியும்."

நடக்கிற சத்தம் கேட்டது, யாரையோ சாவி கொண்டுவரச் சொல்கிற சத்தம் கேட்டது, போன் நின்றுபோனது. நாகஜோதி போனை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். சொன்னதற்குச் சந்தோஷமா என்று கேட்டால், இல்லை. பயம்தான், முழுக்கப் பயம்.

சனிக்கிழமை யாரும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு அவளுக்குப் பொறுக்கவில்லை. எம்.ரெட்டியபட்டியில் இருக்கும் பள்ளித் தோழி செல்வலட்சுமிக்குப் போன் போட்டாள். கொட்டும் வெடியும் காதைப் பிளந்தன.

"ஊர்வலம் எதுல வருது செல்வி?"

"வேன்லடி! வாடக வேனுக்குச் சீரியல் பல்பு போட்டுக் கூட்டிட்டு வாராக. அந்தப் புதுக் காரு செட்டுல தார்ப்பாய் மூடி நிக்கி. சின்னவர் மூஞ்சியப் பாக்கணுமே! எதுக்குக் கேக்க?"

"சும்மாதான்" என்று வைத்துவிட்டு, நாகஜோதி தட்டைப் போட்டு இரண்டு கரண்டி சோறு வைத்துச் சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வயிறு அன்றைக்குத்தான் ஏற்றுக்கொண்டது.

திங்கட்கிழமை காலை ஐடியைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. மூடப்பட்டுவிட்டது என்று சிவப்பில் வந்தது, கீழே காரணம் போட்டிருந்தது. படித்துவிட்டு அடுப்பங்கரைப் படியில் உட்கார்ந்து அழுதாள். எதிர்பார்த்ததுதான், ஆனாலும் அழுகை வந்தது. சந்தனம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் முழுக்கதையையும் அம்மாவிடம் சொன்னாள். பெரியவரை ஏலே என்ற இடத்தில் சந்தனம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"காரணம் என்னன்னு போட்டிருக்காக?"

"அளவுக்கு மேல பேசினேனாம்."

சந்தனம்மாள் முந்தானையால் மகள் கண்ணைத் துடைத்தாள்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லபடியா வீடு போய்ச் சேந்துட்டாகளா?"

"சேந்துட்டாக."

"அப்ப அளவாத்தான் பேசியிருக்க" என்றாள் சந்தனம்மாள். "மூஞ்சியக் கழுவு. வேற வேல தேடுவோம்."